டயல்-அப்பிலிருந்து ஃபைபர் வரை: நம் வீட்டு இன்டர்நெட் வந்த வழி

இந்தப் பகுதியில் இதுவரை நம் கிணறு, லிஃப்ட், ஜெனரேட்டர் என்று கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களின் கதையை எழுதி வந்தேன். இந்த முறை இன்டர்நெட். அடுத்த பொதுக்குழுவில் நான்கு பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் ஃபைபர் இணைப்பு வாங்குவது பற்றி ஓட்டெடுப்பு இருக்கிறது. சுற்றறிக்கையில் "300 எம்பிபிஎஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கேம் விளையாடும் நம் பிள்ளைகளோ, "அது சரி அங்கிள், பிங் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போனதற்கு முப்பது வருடக் கதை இருக்கிறது. ஓட்டுப் போடும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வித்தியாசம். சென்னைக்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொல்லிவிடலாம். தண்ணீர் லாரி ஒரே நடையில் 9000 லிட்டர் கொண்டுவரும், ஆனால் பதிவு செய்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் நூல் மாதிரிதான் வரும், ஆனால் திறந்தவுடன் வரும். எம்பிபிஎஸ் என்பது லாரியின் கொள்ளளவு. பிங் என்பது திறந்ததற்கும் வந்ததற்கும் இடையிலான காத்திருப்பு. நம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்னச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதுதான் அது. சினிமா பார்க்க லாரி போதும். துப்பாக்கிச் சண்டை கேமுக்கும் வீடியோ காலுக்கும் குழாய்தான் வேண்டும்.

டெலிபோன் கம்பியில் வந்த காலம்

விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. 9.6 கேபிபிஎஸ் வேகத்தில் 250 மணி நேரத்துக்குத் தனிநபர் கட்டணம் 5000 ரூபாய், நிறுவனங்களுக்கு 15,000-மும் 25,000-மும். டெலிபோன் பில் தனி. அப்பா இன்டர்நெட்டில் இருந்தால் வீட்டு போன் எங்கேஜ்டு. ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் கிடைக்காது. 1998-இல் 56 கேபிபிஎஸ் மோடத்துக்கான தரநிலை வந்த பிறகும், 5 எம்பி அளவுள்ள ஒரு பாட்டை இறக்கக் கால் மணி நேரம் ஆகும், நடுவில் லைன் கட்டாகாமல் இருந்தால்.

வேகம் குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்தது. தாமதம் என்ற ஒன்று தனியாக இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்டூவர்ட் செஷயர் 1996-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 'போலோ' என்ற டாங்கி விளையாட்டை உருவாக்கியவர், அதனால் வலி தெரிந்தவர். அன்றைய மோடம் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டுக் கட்டாக அனுப்பும், சுருக்கும், பிழை சரிபார்க்கும். இந்த வேலைக்கே சுமார் 100 மில்லிசெகண்ட் போய்விடும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் திரும்பும் நேரத்தைவிடக்கூட வீட்டிலிருக்கும் இந்தச் சின்னப் பெட்டி அதிகம் எடுத்துக்கொண்டது. வேகம் போதாவிட்டால் இரண்டு லைன் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், தாமதம் அதிகமென்றால் எத்தனை லைன் வாங்கினாலும் அது குறையாது என்பது அவர் வாதம். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அதே 1996-இல் 'குவேக்' வந்தது. உருவாக்கியவர்களின் அலுவலக நெட்வொர்க்கில் நன்றாக ஓடிய கேம், வீட்டு மோடத்தில் நொண்டியது. சாவியை அழுத்தினால் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் திரையில் கால் நகரும். ஜான் கார்மேக் அந்த வருடக் கடைசியில் 'குவேக்வேர்ல்ட்' என்ற மாற்றுப் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் நம் கம்ப்யூட்டர் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் நம் ஆளை உடனே நகர்த்திவிடும். சர்வர் வேறு மாதிரி சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளும். இன்று நம் பிள்ளைகள் "சுவருக்குப் பின்னால் போன அப்புறம் செத்துட்டேன்" என்று கத்துவதற்கு இந்தத் திருத்தமும் ஒரு காரணம்.

சென்னையில் அந்தக் காலத்துப் பையன்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். பிரவுசிங் சென்டர்! 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்து, முதல் தனியார் இணையச் சேவை நிறுவனமாகச் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே வந்தது. பின்னால் சிஃபி என்று பெயர் மாறியது இதுதான். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. அங்கே ஒரே அறையில் லேன் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டர்களில் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடினால் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. அந்தத் தலைமுறை நல்ல பிங் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டது இன்டர்நெட்டே இல்லாமல்தான்.

ஐஎஸ்டிஎன் என்று ஒன்று நடுவில் வந்தது. பிங் நன்றாக இருக்கும், 128 கேபிபிஎஸ் கிடைக்கும், வீடுகளில் வாங்கியவர்கள் சொற்பம். நம் ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் பற்றி மட்டும் ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. கம்பியே இல்லாமல் காற்றில் டெலிபோனும் 35 கேபிபிஎஸ் இன்டர்நெட்டும் ஒரே நேரத்தில் கொடுத்தது அது. கிராமங்களை மனத்தில் வைத்துச் செய்தது. இன்று 'ஏர்' என்ற பெயரில் விற்கப்படும் இணைப்புகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

எண்பதுகளில் போட்ட ஒரு கணக்கு

சென்னையில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882-இல் வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் செம்புக் கம்பியில் மனிதக் குரலுக்குத் தேவையான 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்கு மேலே பெரிய காலி மனை கிடந்தது. ஏடிஎஸ்எல் குடியேறியது அங்கேதான், 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் போன் பேசிக்கொண்டே இன்டர்நெட் பார்க்க முடிந்தது. கம்பி சுவரிலிருந்து வரும் இடத்தில் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் பெட்டி மாட்டியிருப்பார்கள். சில வீடுகளில் இன்னும் தொங்குகிறது.

ஏடிஎஸ்எல்லின் முதல் எழுத்து 'ஏ', 'சமமில்லாத' என்ற பொருளைத் தருவது. அமெரிக்காவில் பெல்கோர் நிறுவனத்தின் ஜோசப் லெக்லைடர் எண்பதுகளில் சொன்ன யோசனை இது. இரண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யும். வீட்டுக்கு வருவதை அதிகமாகவும் வீட்டிலிருந்து போவதைக் குறைவாகவும் வைத்தால் அதே கம்பியில் அதிகம் அனுப்பலாம். வீட்டுக்காரர்கள் வீடியோ பார்ப்பார்கள், அனுப்ப மாட்டார்கள் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. நியாயமான கணக்குதான். 2020 மார்ச் ஊரடங்கில் ஒரே வீட்டில் அப்பா மீட்டிங், அம்மா மீட்டிங், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்று எல்லோரும் முகத்தைக் காட்டி அனுப்ப ஆரம்பித்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. இறக்க நிறைய இடமிருந்தும், ஏற்ற இடமில்லாமல் படம் உறைந்து நின்றது.

நம் நாட்டில் பிராட்பேண்ட் என்ற சொல்லுக்கு 2004-ஆம் ஆண்டுக் கொள்கை வைத்த எல்லை 256 கேபிபிஎஸ். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' தொடங்கியது. மாதம் இவ்வளவு எம்பி என்று கணக்கு. சில பிளான்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தவர்கள் நம் பிளாக்குகளிலேயே உண்டு. அவர்கள் இன்று செயற்குழுவில் இருக்கிறார்கள். பிராட்பேண்டின் எல்லை 2013-இல் 512 கேபிபிஎஸ் ஆகவும், 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்ந்தது. மூன்று முறையும் அளந்தது லாரியைத்தான். குழாயைப் பற்றிப் பேச்சில்லை.

செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். மழை பெய்து ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் இரைச்சல் வரும். இரைச்சலைச் சமாளிக்கத் தகவலைக் கலைத்துப் பரப்பி அனுப்பி, மறுமுனையில் சேர்ப்பார்கள். இதனால் பிழை குறையும், ஆனால் சேர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சைத் தாண்டும் முன்பே சுமார் 20 முதல் 40 மில்லிசெகண்ட் இதில் போகும். டவுன்லோடு செய்பவருக்கு இது தெரியாது. கேம் ஆடுபவருக்கு உடனே தெரியும்.

மொட்டை மாடி வழியாக

பிறகு வந்தவர் கேபிள்காரர். டிவிக்கு வந்த தடித்த கேபிளிலேயே கேபிள் மோடம் வைத்துக் கொடுத்தது ஒரு வகை. அது தெருவுக்கே பொதுச் சொத்து. பகல் 11 மணிக்குப் பறக்கும், இரவு 9 மணிக்குப் படுத்துவிடும். சென்னையில் பல இடங்களில் நடந்தது இன்னும் எளிமையானது. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு லேன் கேபிளை இழுத்துவிட்டார்கள். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பதால் வழியில் உள்ள கட்டடங்களில் ஒரு சுவிட்ச் பெட்டி. நான்காவது கட்டடத்தில் கரண்ட் போனால் ஐந்தாவது கட்டடத்தில் இன்டர்நெட் போகும். இடி இடித்தால் போர்ட் எரியும். 2016 டிசம்பர் வர்தா புயலில் மரங்களோடு சேர்ந்து இந்தக் கம்பிகளும் ஊர் முழுக்கத் தரைக்கு வந்தன.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடிய நாட்களில் இந்த இணைப்பின் பிங் ஏடிஎஸ்எல்லைவிடக் குறைவு. சுவிட்ச் ஒன்றைத் தாண்ட ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. வேகம் குறைந்த, அசிங்கமாகத் தொங்கிய ஒரு கம்பி, கேமுக்கு மேலானதாக இருந்தது.

இந்தக் காலகட்டத்தில்தான் இன்னொரு தொந்தரவு வெளிச்சத்துக்கு வந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி இதுதான். 2010-இல் பெல் லேப்ஸைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பும்போதெல்லாம் வீட்டு இன்டர்நெட் முழுவதும் உறைவதைக் கவனித்தார். பிங் ஒரு செகண்டைத் தாண்டியது. காரணத்தைத் தேடினால், மோடத்துக்குள் இருந்த காத்திருப்பு அறை. மெமரி மலிவானதால் தயாரிப்பாளர்கள் அந்த அறையைப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். நாம் வேகமாகத் தள்ளும் ஃபைல் அதை நிரப்பிவிடும். கேமின் சின்னச் செய்தி அதன் பின்னால் வரிசையில் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 256 கேபி அளவுள்ள அறை நிரம்பி, வெளியே போகும் வேகம் 512 கேபிபிஎஸ் என்றால், வரிசை காலியாக 4 செகண்ட்! கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேர் நிற்கும் வரிசையில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கேட்பவரையும் நிற்க வைத்த கதை.

இதற்கு 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் ஒரு தீர்வு கண்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அதிகமானால் அனுப்புபவரை மெதுவாக்கும் முறை. அதோடு சின்ன வரிசைகளைத் தனியாகப் பிரித்துவிடும் முறையும் சேர்ந்து 2018-இல் சோதனைநிலை இணைய ஆவணமாக வந்தது. சில ரூட்டர்களின் அமைப்புகளில் 'எஸ்க்யூஎம்' என்ற பெயரில் இது இருக்கும். இருந்தால் போட்டுவையுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு மாறுவதைவிட இது அதிகப் பலன் தரும் வீடுகள் நிறைய.

ஃபைபர், அதற்கு மேல் என்ன

2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் 100 எம்பிபிஎஸ்ஸை ஆரம்ப வேகமாக வைத்து இறங்கியதும், மற்றவர்களும் கண்ணாடி இழையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்கு முன் 'ஃபைபர்' என்று விற்றதில் பல, கட்டடத்தின் கீழ் வரைதான் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள். வீடு வரை வரும் ஃபைபரில் வழியில் மின்சாரமே தேவையில்லை. ஒளியைக் கண்ணாடித் துண்டு பிரித்துக்கொடுக்கிறது. இழையில் இடியும் ஏறாது. முதல் கட்டத்தைத் தாண்ட சில மில்லிசெகண்ட்தான்.

பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழை பொதுவாக 32 வீடுகளுக்குப் பிரியும், சில இடங்களில் 64. அந்த இழையின் மொத்த வேகம் இறக்க 2.5 ஜிபிபிஎஸ், ஏற்ற 1.25. நம் 96 வீடுகளை மூன்று இழைகளாகப் பிரித்தால், 32 வீடும் ஒரே நேரத்தில் 300 எம்பிபிஎஸ் கேட்டால் 9.6 ஜிபிபிஎஸ் வேண்டும். அப்படி ஒருபோதும் கேட்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் தொழில் நடக்கிறது. பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது. ஆனாலும் 32-ஆ 64-ஆ என்று கேட்பது நம் உரிமை.

ஃபைபராலும் குறைக்க முடியாதது தூரம். கண்ணாடிக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பைக்கு 1300 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 13 மில்லிசெகண்ட். நடைமுறையில் 20-லிருந்து 30. சிங்கப்பூருக்கு 2002-லேயே சென்னையிலிருந்து 'ஐ2ஐ' கடலடி கேபிள் போடப்பட்டது, சுமார் 3200 கிலோமீட்டர். போய்வர 32 என்பது இயற்கை வைத்த எல்லை. சிங்கப்பூர் சர்வரில் ஆடுபவர்களுக்குக் கடற்கரையோரச் சென்னை வசதியான ஊர். அதேபோல் உள்ளூர்ச் சந்திப்பும் முக்கியம். 2003-இல் நிக்ஸி என்ற பரிமாற்ற மையங்கள் வருவதற்கு முன், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அடுத்த தெருவில் இருக்கும் மற்ற நிறுவன வாடிக்கையாளருக்கு அனுப்பும் தகவல் வெளிநாடு சுற்றி வருவது சகஜம். இன்றும் இரண்டு நிறுவனங்கள் எங்கே கைகோக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரே மாடியில் இருக்கும் இரண்டு வீடுகளின் பிங் வேறுபடும்.

கம்பியில்லாத வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் சென்னை உட்பட 8 நகரங்களில் வந்தது, 5ஜி கோபுரத்திலிருந்து வீட்டுக்கு. ஃபைபர் வராத இடத்துக்கு நல்லது. வேகம் தாராளம், ஆனால் பிங் ஒரே நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும். கேமில் இந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சல், நிலையான 40-ஐக் கை பழகிக்கொள்ளும். 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் இணைப்பில் கேள்வியும் பதிலும் நான்கு முறை அந்த உயரத்தைக் கடக்க வேண்டும், ஒளியின் வேகத்திலேயே அரை செகண்ட் போச்சு.

கடைசியாக வீட்டுக்குள் உள்ள பத்து மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான். நம் ஒரு பிளாக்கில் 24 வீடு, 24 ரூட்டர். எந்த ஃபைபர் வந்தாலும் இது அப்படியே இருக்கும். கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், பிள்ளை உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டான்.

இனி ஓட்டெடுப்பு விஷயம். விலை நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது ஒப்பந்தத்தில் உள்ள ஐந்து வருடத் தனி உரிமை, அதாவது வேறு எந்த நிறுவனமும் நம் ஷாஃப்ட்டைத் தொடக்கூடாது என்ற விதி. 2014-இல் அன்றைய செயற்குழு ஒரு லேன் ஆபரேட்டருக்கு மூன்று வருடம் இப்படிக் கொடுத்தது. மறு வருடமே நம் தெருவுக்கு ஃபைபர் வந்தது, ஒப்பந்தம் முடியும்வரை நம் கேட்டுக்குள் வர முடியவில்லை. மேலே சொன்ன முப்பது வருடத்தில் எந்த முறையும் நிரந்தரமாகத் தனி ராஜாவாக இருந்ததில்லை. டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களின் டிஜிட்டல் வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையையும் கொண்டுவந்துவிட்டது. வீடு விற்கும்போது இதையும் கேட்பார்கள்.

என் ஓட்டு, தனி உரிமை இல்லாமல் இருந்தால் மட்டும் ஆதரவு. ஏற்றும் வேகமும் 300 தானா என்று எழுத்தில் வாங்க வேண்டும், சுற்றறிக்கையில் அது இல்லை. கையெழுத்துக்கு முன் ஏ பிளாக்கில் ஒரு வாரம் சோதனை இணைப்புக் கேட்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் பிங் கட்டளையை ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுங்கள். இரவு 9 மணிக்குச் செய்யுங்கள், பகலில் செய்தால் எதுவும் தெரியாது. முதலில் 5, 6 என்று இருந்த எண் 20, 30-க்குள் நின்றால் சரி. 200, 300 என்று போனால், அந்த 300 எம்பிபிஎஸ்ஸுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்று. நான்கு ஷாஃப்ட்டிலும் பழைய 50 ஜோடி டெலிபோன் பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எல்லா பிளாக்குகளிலும் சேர்த்து லேண்ட்லைன் வைத்திருப்பது மூன்று வீடுகள்தான். அந்த மூன்று வீட்டாரிடமும் பேசி இணைப்பை மாற்றிக்கொடுத்தால், ஒரு பிளாக்கில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் பெட்டிகளை அருகருகே வைக்க இடம் கிடைக்கும். அளந்து பார்த்தாயிற்று.